எத்தன பாகம் வரைக்கும் எடுக்கும்?

ரீசார்ஜ் கடை வச்சிருக்கவன் போன சென்மத்துல என்ன பாவம் பண்ணினானோ தெரியல. மருந்துக்கடையில போயி "இந்த மாத்திர ஏன் இந்த வெல"ன்னு எவனும் கேக்க மாட்டான். வாயப் பொத்திக்கிட்டு வாங்கிட்டுப் போவான். என்கிட்ட வந்தா மட்டும், நானே டவர நட்டு நானே வெலய ஏத்துன மாதிரி சண்டைக்கு நிப்பான். "என்ன அண்ணாச்சி, போன தடவ இதவிட கம்மிதான?"ம்பான். ஏலே, நான் என்ன செய்ய? கம்பெனிக்காரன் ஏத்துதான், நான் போட்டு விடுதேன்.

எம்பேரு பொன்னுதுரை. சொந்த ஊரு சாயர்புரம், பொழைக்க வந்தது தூத்துக்குடி. திரேஸ்புரத்துக்குப் போற ரோட்டுல ஐஸ் பேக்டரிக்கு எதிர என் கடை. சிம்மு, ரீசார்ஜு, சார்ஜரு, போன் கவரு எல்லாம் உண்டு. கம்பெனி பேரு ஒண்ணும் சொல்ல மாட்டேன், பாத்துக்கிடுங்க. நாளைக்கு எவனாவது டையக் கட்டிக்கிட்டு வந்து "எங்களப் பத்தி எப்படி பேசலாம்"னு நிப்பான். அதனால அண்ணன் தம்பி மூணு பேருன்னு வச்சிக்கிடுவோம். மூத்தவன் சோம்பேறி, கூப்புட்டா மெதுவாத்தான் எந்திச்சு வருவான். நடுவுலவன் கொஞ்சம் வெல கூட, ஆனா எடுத்த சோலிய முடிப்பான். கடைக்குட்டி வெல ரொம்பக் கம்மி, வாய்ச்சவடால் ரொம்பக் கூட.

கடைக்கு வாரவனெல்லாம் ரெண்டே கேள்விதான் கேப்பான். எதுல வெல கம்மி, எதுல நெட்டு கூட. வேற மாதிரி ஒரு கேள்விய என்கிட்ட கேட்டது ஒரே ஒருத்திதான். அவ பேரு பிலோமி.

"அண்ணாச்சி, கடலுக்குள்ள எந்த சிம்மு ரொம்ப தூரத்துக்கு எடுக்கும்? எத்தன பாகம் வரைக்கும் எடுக்கும்?"

பாகம்னா கடலோட ஆழத்துக்கு ஒரு அளவு. ரெண்டு கையையும் அகல விரிச்சா ஒரு பாகம். நம்ம கடக்கரையில தூரத்தையும் அதுலதான் சொல்லுவாவ. கரைய விட்டு வெலக வெலக ஆழம் கூடும்லா, அதனால இத்தன பாகம்னா இவ்வளவு தூரம் போயாச்சுன்னு அவியளுக்குப் புரியும். எனக்கு அது தெரியும், தெரிஞ்சும் எரிச்சல்தான் வந்துச்சு. அன்னைக்கு சர்வர் வேற வேலை செய்யல, கடையில கூட்டம் நிக்கி.

"ஏளா, நீ எறால் கம்பெனில தல கிள்ளுதவ. ஒனக்கு எதுக்கு கடலுக்குள்ள டவரு? சாள மீனு கூட பேசப் போறியா?"ன்னு கேட்டுட்டேன்.

அவ சிரிக்கல. "மீனு கூட இல்ல அண்ணாச்சி. எங்க வீட்டு ஆளு கூட"ன்னா.

பிலோமிக்கு அப்பா சின்ன வயசுலயே போயாச்சு. அம்மா படுத்த படுக்கை. தங்கச்சிய படிக்க வச்சு, சிலுவைங்கிறவனுக்குக் கெட்டிக் குடுத்து, அம்மாவ வருசக்கணக்கா பாத்து அடக்கமும் பண்ணி முடிச்சிட்டு நிமுந்து பாத்தா, இவளுக்கு நாப்பது தாண்டிட்டு. இனிமே என்ன கல்யாணம்னுதான் அவளும் இருந்தா. சிலுவை ஒரு தோணில தண்டல். தோணின்னா சின்ன வள்ளம்னு நெனச்சிராதிய. மரத்துல செஞ்ச கப்பலு. பழைய ஹார்பர்ல உள்ளி, காய்கறி, செங்கல், ஜல்லின்னு ஏத்திக்கிட்டு மாலத்தீவுக்குப் போயிட்டு வரும். அத ஓட்டிக்கிட்டுப் போற தலைவனுக்குத்தான் தண்டல்னு பேரு. அந்தத் தோணில சமையல் பாக்குற பண்டாரி ஒருத்தன் இருந்தான், மரியான்னு. அம்பதத் தொடப் போறான், கல்யாணம் கெடையாது, குடி கெடையாது. சிலுவை இவளையும் அவனையும் சேத்து யோசிச்சுப் பாத்துட்டு, பேசி முடிச்சிட்டான்.

ஊரு சும்மா இருக்குமா? "கெடக்கது கெடக்கட்டும், கெழவனத் தூக்கி மணையில வை"ன்னு கேலி பேசிச்சு. பிலோமி காதுலயே வாங்கல. ஊதாக் கலர் பட்டு கட்டி, தலை நெறைய பூ வச்சி, கோயிலுக்கு எல்லாருக்கும் முந்திப் போயி நின்னா. மாப்பிள்ளைதான் வாயத் தொறக்கல. சாமியார் "சம்மதமா"ன்னு கேட்டதுக்குத் தலைய ஆட்டிட்டு நின்னானாம். "யோவ், வாயால சொல்லும்யா"ன்னு சாமியார் அதட்டுன பொறவுதான் சத்தம் வந்துச்சாம். இத பிலோமி சொல்லிச் சொல்லிச் சிரிப்பா.

ஆனா அதுதான் அவன் கொணம். கரையில இருந்தா அவன் வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்க முடியாது. கெட்டவன் கெடையாது. கோவிச்சுக்கிட்டும் இல்ல. கூச்சம். வாழ்நாளெல்லாம் அடுப்பு, சட்டி, தண்ணின்னே கெடந்துட்டான், ஒரு பொம்பள மொகத்தப் பாத்து எப்படிப் பேசன்னு அவனுக்குத் தெரியல. கல்யாணமான புதுசுல பிலோமி பேசுவா, அவன் தலைய ஆட்டுவான். அவளும் செரி, நமக்கு வாச்சது இதுதான்னு இருந்துட்டா.

பொறவு தோணி கெளம்புற நாளு வந்துச்சு. அவன் போன கொஞ்ச நேரத்துல இவ போன் அடிக்கி. என்னமோ ஏதோன்னு பதறி எடுத்தா, "ஏளா பிலோமி, இப்பதான் பாண்டியன் தீவு கலங்கரை வெளக்கத் தாண்டுதோம்"னு ஆரம்பிச்சவன், நிறுத்தலயாம். தண்ணி நெறம் மாறுனதச் சொல்லுதான், அடுப்படியப் பத்திச் சொல்லுதான், "கல்யாணத்தன்னைக்கு அந்த ஊதாச் சேலையில நீ நல்லா இருந்தளா, சொல்லணும்னு நெனச்சேன், வாய் வரல"ங்கான். டவர் போற வரைக்கும் பேசியிருக்கான். பிலோமி அன்னைக்கு சோறே திங்கலயாம். "வயிறு நெறஞ்சிட்டு அண்ணாச்சி"ன்னா.

மாலத்தீவுல மாலே போயிச் சேந்த பொறவு பேச முடியாதான்னு நீங்க கேப்பிய. பேசலாம். அங்கன தோணிக்கே ஒரு சிம்முதான், அது தண்டல்கிட்ட இருக்கும். ஆளாளுக்குக் கொஞ்ச நேரம். சுத்தி எல்லாவனும் காதத் தீட்டிட்டு நிப்பான். "சாப்பிட்டியா, நல்லா இருக்கேன், வைக்கேன்." அவ்வளவுதான். திரும்பி வரும்போதும், கரை கிட்ட வர வர அவனுக்குக் கூச்சம் வந்துரும். ஆகக்கூடி, போற வழியில மட்டுந்தான் அந்த மனுசனுக்கு வாய் தொறக்கும். தண்ணியப் பாத்துக்கிட்டு நின்னாத்தான் அவனுக்குப் பேச்சு வரும். அதுலயும் ரெண்டு பேருக்கும் ஒரு பழக்கம். எவரும் போன வைக்க மாட்டாவ. டவரு தானா போகட்டும்னு விட்டுருவாவ.

அப்ப அவன் வச்சிருந்தது மூத்தவன் சிம்மு. அது வெளக்கத் தாண்டி ஆறு ஏழு பாகத்துலயே படுத்துரும். அதுக்குத்தான் இவ என்கிட்ட அந்தக் கேள்வி கேட்டா.

நானும் விசாரிச்சேன். கடையில ரீசார்ஜுக்கு வார போட்டுக்காரனுவகிட்டயெல்லாம் கேட்டேன். எல்லாவனும் நடுவுலவன் பேரத்தான் சொன்னான். "பதினாலு பாகம் வரைக்கும் கணீர்னு கேக்கும் அண்ணாச்சி"ன்னான். பிலோமிகிட்ட சொன்னேன். ஒடனே அவ போனத் தூக்கி நீட்டி, "அப்ப என் நம்பர நடுவுலவனுக்கு மாத்திருங்க"ங்கா.

"ஏளா, கடலுக்குப் போறது நீயா அவனா? அவன் சிம்ம மாத்தணும்ளா!"

அப்பதான் அவ சிரிச்சா. வாயப் பொத்திக்கிட்டு, தோளு குலுங்க. பொறவு அவன் நம்பர மாத்தினோம், நம்பரு அதேதான், கம்பெனி மட்டும் வேற. வெல கூடத்தான். அவ யோசிக்கவே இல்ல.

அதுக்கப்புறம் தோணி கெளம்புற அன்னைக்கெல்லாம் பிலோமி என் கடை வாசல்லதான். அவ வீடு இருக்க முடுக்குக்குள்ள டவரு ஒழுங்கா கெடைக்காது, என் கடையில நல்லா எடுக்கும். கம்பெனில லீவு சொல்லிட்டு வந்து ஸ்டூலப் போட்டு உக்காந்துக்கிடுவா. இஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுன்னு ஸ்பீக்கர்ல போட்டுருவா. நான் காதப் பொத்திக்கிட்டா இருக்க முடியும்? கேக்கத்தான் செய்யும். ஒரு நாளு சொல்லுதான், "ஏளா, நீ கட்டிக் குடுத்த கருவாட்டுப் பொடி வாசம் சட்டைல எல்லாம் ஏறிட்டு. தொவைக்க மனசு வரல." எனக்கு வயசு அறுவது ஆகப் போகு, எனக்கே வெக்கமாப் போச்சு. கஸ்டமர் வந்தா "அந்தப் பக்கம் போயிட்டு செத்த கழிச்சி வா"ன்னு வெரட்டி விட்டுருவேன்.

கொஞ்சங் கொஞ்சமா சத்தம் தேயும். "பி...லோ..."ன்னு வரும். இவ "கேக்கு, கேக்கு, சொல்லுங்க"ம்பா. பொறவு ஒண்ணும் இருக்காது. போன கையில பிடிச்சபடியே கொஞ்ச நேரம் உக்காந்திருப்பா. "வாரேன் அண்ணாச்சி"ன்னு எந்திச்சுப் போவா. அடுத்த தடவ தோணி கெளம்புற வரைக்கும் அதுலதான் அவ சீவனம்.

இப்படியே வருசம் ஓடிச்சு. கச்சான் காத்து வீசுற மாசத்துல தோணி ஓடாது. அப்ப அவன் வீட்டுல இருப்பான், வாயும் மூடி இருக்கும். கடல் தெளிஞ்சு தோணி கெளம்பப் போகுதுன்னா பிலோமிக்கு சந்தோசமா, அழுகையான்னு அவளுக்கே தெரியாது. கல்லக் கண்டா நாயக் காணோம், நாயக் கண்டா கல்லக் காணோம்.

ஆனா வயசாகுதுல்லா. மரியானுக்கு முட்டி வலி வந்துட்டு. தோணி ஆடுற ஆட்டத்துல கொதிக்கிற சட்டியத் தூக்கிட்டு நிக்க முடியல. பிலோமியே அழுது சொன்னா, "போதும், வந்துருங்க. இருக்கத வச்சி கஞ்சி குடிப்போம்." அவனும் கேட்டுட்டு எறங்கிட்டான். பிலோமி எனக்கு ஒரு கிலோ அல்வா வாங்கிட்டு வந்து சொன்னா, "அண்ணாச்சி, இனிமே வீட்டோடதான்." அந்த மொகத்த இப்பயும் நெனச்சா எனக்கு என்னமோ பண்ணும்.

எறங்குன கொஞ்ச நாள்ல மரியான் தனியா கடைக்கு வந்தான்.

"அண்ணாச்சி, என் நம்பர கடைக்குட்டிக்கு மாத்தி விடுங்க. அதுலதான் வெல கம்மியாம்."

"வே மரியான், நடுவுலவனே இருக்கட்டும்வே. நல்லா எடுக்குல்லா?"

"இனிமே கடலுக்கா போகப் போறேன்? கரையில கெடக்கவனுக்கு எது எடுத்தா என்ன. அவ சம்பளத்துல திங்கேன், கொஞ்சமாச்சும் மிச்சம் பிடிக்கணும்லா."

நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கல. அவனப் பொறுத்த வரைக்கும் அது ஞாயந்தான். மாத்தி விட்டேன்.

நாலு மாசம் போச்சு. பிலோமி கடைப் பக்கமே வரல. எதுக்கு வரப் போறா, புருசன் வீட்டுல இருக்கான், சந்தோசமா இருப்பான்னு நான் நெனச்சிக்கிட்டேன். ஒரு நாளு கம்பெனி விட்டு வரும்போது வந்தா. ஆளே எளச்சிட்டா. மரியான் நம்பருக்கு ரீசார்ஜ் போடணும்னா.

"வீட்டுக்குள்ள இருக்க மனுசனுக்கு எதுக்குளா ரீசார்ஜு? இங்க இருந்து கூப்புட்டா அங்க கேக்கப் போகு."

"இருக்கட்டும் அண்ணாச்சி. தப்பித்தவறி பேசணும்னு தோணிட்டுன்னா?"

சொல்லிட்டு ஸ்டூல்ல உக்காந்து அழ ஆரம்பிச்சிட்டா. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. "அடிக்கானா?"ன்னேன். இல்லன்னு தலைய ஆட்டினா. "திட்டுதானா?" அதுவும் இல்ல.

"காலம்பற நான் எந்திக்கதுக்கு முன்ன எனக்கு டிபன் கட்டி வச்சிருதாவ. சாயங்காலம் போனா மீன் கொழம்பு, வெஞ்சனம், சுடுதண்ணி எல்லாம் ரெடி. ஊருல எவளுக்குக் கெடைக்கும்? கொழம்பு அப்படி இருக்கும் அண்ணாச்சி. ஆனா வாயே தொறக்க மாட்டேங்காவ. நான் கெஞ்சிப் பாத்துட்டேன், சண்ட போட்டுப் பாத்துட்டேன். மனுசன் வந்துட்டாவ. கொரலுதான் வரல."

நான் என்ன சொல்ல? எருமைய அதட்டலாம், மனுசன அதட்டி அன்பா பேச வைக்க முடியுமா? ஒரு டீ வாங்கிக் குடுத்தேன். பாதி குடிச்சிட்டுப் போனா.

அந்த வாரமே சிலுவை தோணில புதுசா இருந்த பண்டாரிக்கு மஞ்சக் காமாலை வந்துட்டு. சரக்கு ஏத்தியாச்சு, மறுநாளு கெளம்பணும், சமைக்க ஆளு இல்ல. சிலுவை ஓடி வந்து மரியான் கையப் பிடிச்சிட்டான். "இந்த ஒரு தடவ மட்டும் வாரும் சகல, கனமான சோலிக்கு ஒரு ஆள வேற தாரேன்." மரியான் பிலோமியத் திரும்பிப் பாத்து, "போகட்டா?"ன்னானாம்.

நாலு மாசத்துல அவன் தானா கேட்ட மொத வார்த்தை அது. பிலோமிக்கு என்ன தோணியிருக்கும்? திரும்பக் கொரலு வரும். வெளக்குத் தாண்டி, பாகம் பாகமா, பேசிக்கிட்டே போவாவ. ஒரு நொடி கூட யோசிக்காம, மொகமெல்லாம் மலந்து, "போயிட்டு வாங்க, போயிட்டு வாங்க"ன்னுட்டா. சட்டையத் தேச்சு, கருவாட்டுப் பொடி இடிச்சு, பையக் கட்டி, ஓடி ஓடி அனுப்பி வச்சிருக்கா.

சிம்ம திரும்ப நடுவுலவனுக்கு மாத்தலாமான்னு காலையிலேயே வந்து கேட்டா. ஒரு நாள்ல எப்படிளா மாத்த? நம்பர மாத்திக் குடுக்கவே நாளு ஆகும். புது சிம்மு வாங்கிப் போடுன்னு சொன்னா, "நம்பர் மாறிரும், அவியளுக்கு அந்தப் பழைய போன்ல ஒரு சிம்முதான் போகும், கொழப்பம் வேண்டாம்"னுட்டா. செரி, கெடைக்கிற வரைக்கும் கெடைக்கட்டும்னு இருந்துட்டோம்.

மத்தியானம் ஸ்டூலப் போட்டு உக்காந்தா. சேலை கூட நல்ல சேலை. போன் அடிச்சிச்சு.

"ஏளா பிலோமி..."

யப்பா! அந்த ஒத்த வார்த்தைக்கு அவ மொகத்தப் பாக்கணுமே. நான் கல்லாப் பக்கம் திரும்பிக்கிட்டேன். அவன் பழைய மாதிரியே பேசுதான். முன்ன இருந்த பண்டாரி சட்டிய அடிப்பிடிக்க விட்டு வச்சிருக்கான், மூதி. உள்ளி மூட்டைய நனைய விட்டுட்டானுவ. முட்டி பரவாயில்ல. இவ "ம், ம்"முன்னு கேட்டுக்கிட்டே கண்ணத் தொடச்சிக்கிடுதா. பொறவு அவன் கேட்டான்.

"ஒண்ணு கேப்பேன், மறைக்காம சொல்லணும். நான் கெளம்புதேன்னதும் ஒன் மொகம் அப்படி மலந்துச்சே. இத்தன வருசத்துல நான் அப்படி ஒன்னப் பாத்தது இல்லளா. ஒன் சம்பளத்துல உக்காந்து தின்னுக்கிட்டு, நான் ஒனக்குப் பாரமா இருந்தனா?"

பிலோமி போனக் கையில இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு எந்திச்சு நின்னு, கத்துதா:

"நீங்க எனக்குப் பாரமா இருந்தியன்னு, மாதா மேல சத்தியமா, ஒரு நாளு ஒரு பொழுது கூட நான் நெனச்சதே இல்ல!"

அந்தப் பக்கம் சத்தம் இல்ல. "கேட்டுச்சா? என்னங்க? கேட்டுச்சா?" போனப் பாக்கா, லைன் போயிருக்கு. எப்ப போச்சுன்னு தெரியல. நடுவுலவன் சிம்மு மாதிரி நெனச்சி, இன்னும் எவ்வளவோ நேரம் இருக்குன்னு அவ இருந்திருக்கா. கடைக்குட்டிதான, வெளக்கத் தாண்டுன ஒடனே கைய விரிச்சிட்டான். வெண்ணெய் தெரண்டு வரும்போது தாழி ஒடஞ்ச கதை.

"எந்த வார்த்த வரைக்கும் கேட்டுச்சோ தெரியலயே அண்ணாச்சி. 'இல்ல' கேட்டுருக்குமா? 'இல்ல' போயிருக்குமா?"

எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. கம்பெனிக்காரன் மேல கோவம், மிச்சம் பிடிக்கேன்னு சிம்ம மாத்துனவன் மேல கோவம். நம்ம தமிழு மேல கூட கோவம் வந்துச்சு, பாத்துக்கிடுங்க. உண்டுங்கதுக்கும் இல்லங்கதுக்கும் முன்னால எல்லாத்தையும் சொல்லி முடிச்சிட்டு, முக்கியமான வார்த்தையக் கொண்டு போயி கடைசில வச்சிருக்கான். "மொதல்லயே இல்லன்னு சொல்லிட்டு மிச்சத்தச் சொல்லப்பிடாதாளா?"ன்னு அவளயும் ஒரு சத்தம் போட்டுட்டேன். பாவம், அவ என்ன செய்வா.

தோணி மாலே போயிச் சேர நாளாகும். அது வரைக்கும் அவன் அந்தப் பாதி வார்த்தையோடதான் தண்ணில கெடப்பான். பிலோமி வேலைக்குப் போனா, வந்தா. போகும்போதும் வரும்போதும் கடையில நின்னு போன நீட்டி, "நல்லா இருக்கா பாருங்க, இன்கமிங் வருமா பாருங்க"ம்பா. நான் என் போன்ல இருந்து அடிச்சிக் காட்டுவேன். அடிக்கும். "செரி"ன்னுட்டுப் போவா.

தோணி போயிச் சேந்துட்டுன்னு சேதி வந்துச்சு. சிலுவை அவன் பொண்டாட்டிகிட்ட பேசிட்டான். மத்தவனுவளும் வீட்டுல பேசிட்டானுவ. மரியான் மட்டும் பேசல. பிலோமி தங்கச்சி வீட்டுக்கு ஓடிப் போயி சிலுவையோட மாலே நம்பர வாங்கி, என் கடையில இருந்து அடிச்சோம். "சரக்கு எறக்குதோம் மைனி, அவரு கரையில எங்கயோ போயிருக்காரு, வந்தா பேசச் சொல்லுதேன்"ன்னான். மறுநாளும் அதே பதிலு. அவன் ஒளியுதான்னு எனக்குப் புரிஞ்சிட்டு. அவளுக்கும் புரிஞ்சிட்டு. அதுக்குப் பொறவு அவ அடிக்கச் சொல்லல.

அந்த வாரக் கடைசியில, காலம்பற கடையத் தொறந்து ஊதுபத்தி கொளுத்துதேன், என் போன் அடிக்கி. வெளிநாட்டு நம்பரு.

"அண்ணாச்சி, மரியான் பேசுதேன். பிலோமி நம்பருக்கு ஒரு வருசத்துக்கு மொத்தமா ஒரு பேக்கு போட்டு விடுங்க. துட்ட சிலுவை வந்து தருவான்."

"ஏன்வே, நீரு வந்து தர மாட்டீரா?"

"நான் இங்கனயே இருக்கலாம்னு பாக்கேன். இங்க ஒரு கடையில சமையலுக்கு ஆளு கேக்கான். ஒக்காந்தே பாக்குற சோலி. அவளுக்கு எதுக்கு பாரமா..."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிட்டு. "ஏலே கூறுகெட்டவனே! அன்னைக்கு அவ பேசுனதுல ஒனக்கு எது வரைக்கும்லே கேட்டுச்சு?"

அவன் மெதுவா, எனக்குக் கேட்டதும் கேக்காததுமா சொன்னான்.

"'நீங்க எனக்குப் பாரமா இருந்திய'ன்னா. பொறவு 'மாதா மேல சத்தியமா'ன்னா. அதுக்கு மேல கேக்கல அண்ணாச்சி. கேக்க என்ன இருக்கு?"

மாதா மேல சத்தியம் வரைக்கும் போயிருக்கு, அத்தோட நின்னுருக்கு! இந்த மனுசன் அத நெஞ்சுல வச்சிக்கிட்டு அத்தன பேருக்கும் சோறு ஆக்கிப் போட்டுருக்கான். மிச்சத்த அப்பயே நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. ஆனா நான் சொன்னா அது ரீசார்ஜ் கடைக்காரன் பேச்சுல்லா? சமாதானத்துக்குச் சொல்லுதான்னு நெனப்பான்.

"கேளு மரியான். மிச்சம் இருக்கு. அத நான் சொல்ல மாட்டேன். செத்த கழிச்சி இதே நம்பருக்கு அடி. அடிக்கல, பொறவு என் மொகத்துலயே முழிக்காத"ன்னுட்டு ஷட்டர இழுத்து விட்டேன். ஊதுபத்தி உள்ள பொகைஞ்சிக்கிட்டே கெடந்துச்சு.

ஸ்கூட்டர எடுத்துக்கிட்டு எறால் கம்பெனி கேட்டுக்குப் போயிட்டேன். வேலை நேரத்துல யாரயும் விட மாட்டோம்னான் வாட்ச்மேன். நான் போட்ட சத்தத்துல உள்ள இருந்து சூப்பர்வைசரே வந்துட்டாரு. என்ன காரணம்னு கேட்டாரு. "கடல்ல விழுந்த ஒரு வார்த்தைய எடுத்துக் குடுக்கணும் சார்"னா சொல்ல முடியும்? "அவ புருசன் வெளிநாட்டுல இருந்து பேசுதான், அவசரம்"னேன். அனுப்பி வச்சாரு.

பிலோமி வெள்ளைத் தொப்பி, ரப்பர் பூட்ஸு, கை உறையோட ஓடி வந்தா. கை உறையில எறால் தோடு ஒட்டியிருக்கு. என் மொகத்தப் பாத்ததும் கேட்டா, "அவியளுக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"ஒண்ணும் இல்ல. உசுரோடதான் இருக்கான். அடிப்பான், நில்லு."

நின்னோம். வெயிலு ஏறுது. போன் அடிக்கல. வாட்ச்மேன் எங்களயே பாக்கான். அவ ஒண்ணும் கேக்கல, என் கையில இருக்க போனையே பாத்துக்கிட்டு நிக்கா. சவம், அடிக்கவே மாட்டானோன்னு நெனச்சேன். ஒரு லாரி உள்ள போச்சு. அது போன பொறவு வாட்ச்மேன் கேட்ட அடைக்கும்போது போன் அடிச்சிச்சு.

அவ கை ஈரம். நானே போன ஆன் பண்ணி அவ காதுல வச்சிப் பிடிச்சேன்.

அவன் என்ன சொன்னானோ, பேரச் சொல்லிக் கூப்புட்டானோ, எனக்குக் கேக்கல. அவ கண்ண இறுக்கி மூடிக்கிட்டா.

"இல்ல"ன்னா.

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிட்டு, "இல்லங்கேன்லா. என்னைக்கும் இல்ல. பாரம் இல்ல. இல்ல"ன்னு வேற எதையும் சேக்காம அந்த ஒண்ணையே திரும்பத் திரும்பச் சொன்னா. எனக்கானா கை வலிக்கி, போன விட மனசு வரல.

"ஒங்க பேச்சக் கேக்கணும்னுதான் போகச் சொன்னேன். எனக்குப் பைத்தியம். அங்கன எல்லாம் இருக்காண்டாம். வந்துருங்க. வந்து பேசாமயே இரிங்க. கொழம்பு கூட வைக்காண்டாம். நான் வரும்போது நீங்க வீட்டுக்குள்ள இருந்தாப் போதும். எப்ப வாரிய?"

லைன் போயிட்டோன்னு நான் எட்டிப் பாத்தேன், போகல. அந்தப் பக்கம் அவன் ஏங்கி ஏங்கி அழுகுறது இப்ப எனக்கே கேட்டுச்சு.